பணம் கட்டினோம்... பிள்ளையைக் கைவிட்டோம்!

ஜூன், ஜூலை வந்துவிட்டால் போதும், நமது ஊர்களில் விழாக்களுக்குப் பஞ்சமே இருக்காது. கல்வி உதவித்தொகை வழங்கும் விழா, மாணவர் பாராட்டு விழா, முப்பெரும் விழா, ஐம்பெரும் விழா! மேடை உண்டு, பொன்னாடை உண்டு, ஆள் உயரத்துக்குக் காசோலை அட்டை உண்டு. கொடுக்கும் பிரமுகர் ஒரு பக்கம், வாங்கும் பையன் மறு பக்கம், நடுவில் நாலைந்து பேர் அட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பார்கள். மறுநாள் அந்தப் படம் ஊரிலுள்ள எல்லா செல்போன்களுக்கும் வந்து சேரும். 'சமுதாயம் விழித்துக்கொண்டது' என்று அதற்குக் கீழே ஒரு வரி!

கேட்கிறோம்: சென்ற ஆண்டு இதே மேடையில் காசோலை வாங்கிய பையன் என்ன ஆனான்? முதல் செமஸ்டரில் எத்தனை பாடம் தேறினான்? இரண்டாம் ஆண்டுக்குப் போனானா, பாதியில் நின்றானா? மேடையில் நின்ற எவருக்காவது தெரியுமா?

கொடுத்த பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. ரசீதுப் புத்தகம் இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. ஒரு ரூபாய் குறைந்தால் எழுந்து நின்று சண்டை போடும் நாம், ஒரு பிள்ளை குறைந்தால் கண்டுகொள்வதே இல்லை!

அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன்

ஊரைக் குற்றம் சொல்வதற்கு முன் என்னைச் சொல்லிவிடுகிறேன்.

கடற்கரையோர ஊர் ஒன்றில் ஜும்ஆ பயான் முடிந்து கிளம்பும் நேரம். கறிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹஜ்ரத், பையனை சவூதிக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். நல்ல ஏஜெண்ட் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க."

"காலேஜில் படிக்கிறானே அத்தா?"

"படிச்சான். இப்ப பதினொரு அரியர் வச்சிருக்கான். இனிமே என்னத்தப் படிச்சு என்னத்தக் கிழிக்க?"

பையன் ஹவுளுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மேடையில் அந்தப் பையனுக்குக் காசோலை கொடுத்தபோது அட்டையின் ஓரத்தைப் பிடித்து நின்ற நாலைந்து பேரில் நானும் ஒருவன். அன்றைக்கு 'கல்வியின் அவசியம்' என்று ஒரு மணி நேரம் பேசியவனும் நான்தான். பேசி முடித்து, பிரியாணி சாப்பிட்டு, பஸ் ஏறியவன், அந்தப் பையனின் பெயரையும் மறந்துவிட்டேன்.

தனியாக அழைத்துப் போய்க் கேட்டேன்: "ஏன் தம்பி, இவ்வளவு ஆகும்வரை காலேஜில் யாரிடமும் போய்க் கேட்கவில்லையா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "யார்கிட்ட கேக்குறது ஹஜ்ரத்?"

சகோதரர்களே! இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்விக்காகத்தான். யாரிடம் கேட்பது?

ஒரு பையன் மூழ்குவது எப்படி?

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன். பள்ளியில் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தவன். அவன் சேர்ந்தது ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. முதல் நாளே பாடம் முழுக்க ஆங்கிலத்தில். பாதி புரியவில்லை. பக்கத்தில் இருப்பவன் தலையாட்டுகிறான். எல்லாருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று இவனாக நினைத்துக்கொள்கிறான். பக்கத்தில் இருப்பவனுக்கும் புரியவில்லை என்பது அடுத்த ஆண்டுதான் தெரிகிறது!

முதல் இன்டர்னல் தேர்வில் கணக்கில் தோற்றான். வகுப்பில் எல்லார் முன்னாலும் பேப்பரைக் கொடுத்தார்கள். கூச்சம். அடுத்த வாரம் அந்த வகுப்புக்கு மட்டும் போகவில்லை. பிறகு எந்த வகுப்புக்கும் போகப் பிடிக்கவில்லை. வருகை 75 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதும், உடல்நலக் காரணம் என்றால் மருத்துவச் சான்று கொடுத்து 65 விழுக்காடு வரை மன்னிப்புப் பெற வழி இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியாது. நிஜமாகவே மஞ்சள் காமாலையில் பத்து நாள் படுத்தவன் அந்தச் சான்றை வாங்கிக் கொடுக்கவே இல்லை!

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி எழுத்துப் பாடங்களில் 40 மதிப்பெண் கல்லூரி போடும் உள் மதிப்பீடு, 60 தான் கடைசித் தேர்வு. வகுப்பை விட்டவனுக்கு இந்த 40இல் விழுந்த அடி, தேர்வு அறைக்குள் நுழையும் முன்பே அவனைப் பாதி தோற்கடித்துவிடுகிறது. முதல் செமஸ்டர் கணக்கு தெரியாதவனுக்கு இரண்டாம் செமஸ்டர் கணக்கு எப்படி வரும்? அது இல்லாமல் மூன்றாம் செமஸ்டர் பாடங்கள்? ஒரு பாடத்தில் தோற்றவன் நான்கு செமஸ்டரில் பதினொன்றுக்குப் போனது இப்படித்தான்.

விடைத்தாள் நகல் கேட்டு வாங்கி, பார்த்து, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குக் கடைசி நாள் உண்டு என்பதை அவன் கேள்விப்பட்டபோது அந்த நாள் போய்விட்டிருந்தது.

இதில் எங்கே இருக்கிறது சோம்பேறித்தனம்? எங்கே இருக்கிறது மூளைக் குறைவு? ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில். சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்!

'படிக்கிறவன் எங்கேயும் படிப்பான்' – என்ன ஒரு பொய்!

உடனே சில மேதாவிகள் கிளம்புவார்கள். 'படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும். நாங்களெல்லாம் தெருவிளக்கில் படித்தோம். கையைப் பிடித்துக்கொண்டா நடத்த முடியும்?' என்பார்கள்.

நன்றாகப் படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அண்ணன் இன்ஜினியராக இருப்பான். மாமா பேராசிரியராக இருப்பார். அத்தா ஒரு போன் போட்டால் கல்லூரி முதல்வர் எடுப்பார். எந்தப் பாடத்தை முதலில் படிக்க வேண்டும், எந்த ஆசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேட்கலாம், எந்த விண்ணப்பத்துக்கு எது கடைசி நாள் எல்லாம் இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்தபடியே அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. அதற்குப் பெயர் கையைப் பிடித்து நடத்துவது இல்லையா? பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தால் அது 'குடும்பப் பின்னணி', ஏழை வீட்டுப் பிள்ளை கேட்டால் 'ஊட்டிவிட வேண்டுமா?' என்ற கிண்டல்! என்ன நியாயம் இது?

தமிழக அரசு 2010–11 கல்வியாண்டிலிருந்து தொழிற்கல்வியில் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. வீட்டில் இதற்கு முன் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை என்று சான்றிதழ் வாங்கி, சேரும் நாளிலேயே கல்லூரியில் கொடுக்கிறோம். அதாவது, இந்தப் பையனின் வீட்டில் கேட்க ஆள் இல்லை என்பது முத்திரை குத்திய காகிதமாகவே கல்லூரியின் கையில் இருக்கிறது. அந்தக் காகிதத்தை வைத்துக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளத் தெரிகிறது. 'இவனுக்கு ஓர் ஆளைக் கொடுப்போம்' என்று மட்டும் தோன்றவில்லை!

கையெழுத்துப் புத்தகம் என்ற பம்மாத்து

ஆள் இல்லாமல் இல்லை, ஏட்டில் இருக்கிறார். 'கிளாஸ் அட்வைசர்' என்பார்கள், 'டியூட்டர்' என்பார்கள், 'மென்டார்' என்பார்கள். இருபது முப்பது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு. மாணவனைக் கூப்பிட்டுப் பேசி, மதிப்பெண்ணையும் வருகையையும் பார்த்து, தேவையானதைச் செய்ய வேண்டும். அதற்கென்று ஒரு புத்தகமும் உண்டு.

இந்தப் பையனின் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு செமஸ்டருக்கும் மூன்று முறை 'நன்றாகப் படிக்கும்படி அறிவுரை கூறப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே அவனுடைய கையெழுத்து இருக்கிறதாம். எப்போது போட்டாய் என்றேன். ஒரே நாளில், எல்லாரும் வரிசையில் நின்று, இரண்டு ஆண்டுக் கையெழுத்தையும் மொத்தமாகப் போட்டார்களாம். ஏனென்றால் ஆய்வுக் குழு வருகிறது!

1994இல் அமைக்கப்பட்ட நாக் என்னும் தர மதிப்பீட்டு நிறுவனம் தனது கையேட்டிலேயே கேட்டது: வழிகாட்டி ஆசிரியருக்கும் மாணவருக்கும் விகிதம் எவ்வளவு? கற்பதில் பின்தங்கிய மாணவரைக் கண்டறிந்து அவருக்கெனத் தனியாக என்ன செய்கிறீர்கள்? கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பதிலைப் பிள்ளையிடம் கேட்காமல் புத்தகத்திடம் கேட்டால், கல்லூரி புத்தகத்தைத்தான் தேற்றும், பிள்ளையைத் தேற்றாது!

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பல தனியார் கல்லூரிகளில் அவர்களுக்குக் கிடைப்பது சொற்பச் சம்பளம். கோடை விடுமுறையில் மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராக அலைய விடுகிறார்கள். அதையும் மீறி, மாலையில் நின்று சந்தேகம் தீர்த்து அனுப்பும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நமது சண்டை அவர்களோடு அல்ல. சேர்க்கைக்கு ஆள் அனுப்பத் தெரிந்த நிர்வாகம், சேர்ந்தவனைக் காப்பாற்ற ஆள் வைக்காததோடுதான் நமது சண்டை!

இது தர்மம் அல்ல, உரிமை!

நமது பெற்றோருக்கு ஒரு பயம் இருக்கிறது. கல்லூரிக்குள் போனால் கைகட்டி நிற்பார்கள். 'பையனுக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் சார்' என்று கெஞ்சுவார்கள். கெஞ்ச வேண்டிய அவசியமே இல்லை.

தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுமமான ஏஐசிடிஇ, முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வாரத் தொடக்கப் பயிற்சி நடத்த வேண்டும் என்று 2017இலேயே சொல்லிவிட்டது. புதிய இடம், புதிய மொழி, புதிய முறை எல்லாவற்றுக்கும் மாணவனைப் பழக்குவதற்கே அது. உங்கள் பிள்ளைக்கு அது நடந்ததா? அல்லது தலைவர் பேசி, செயலாளர் பேசி, கேக் வெட்டி ஒரே நாளில் முடிந்ததா?

பல்கலைக்கழக மானியக் குழு 12ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2012–2017) தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மாணவர்களுக்கென்றே துணைப் பயிற்சி வகுப்புகளுக்கு நிதி ஒதுக்கியது. ஐந்தாண்டுத் திட்டங்கள் 2017ஓடு முடிந்தன. பிள்ளைகளின் தேவை முடிந்துவிட்டதா?

2023இல் அதே மானியக் குழு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் 15 வேலை நாட்களுக்குள் அந்தக் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். விவரக் கையேட்டில் வாக்களித்த வசதியைச் செய்து தராததும், மதிப்பீட்டில் நியாயமில்லாததும் அங்கே புகாராகும். 'எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டி ஆசிரியர் உண்டு' என்று வண்ணத்தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்களே, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அது வெறும் விளம்பரமல்ல, எழுதிக் கொடுத்த வாக்கு!

படிக்கும் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்ளும் கொடுமை பெருகியதால், உச்ச நீதிமன்றமே 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. கேட்க ஆள் இல்லாத தனிமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட எச்சரிக்கை வேண்டுமா?

பணமும் ஆளும் சேர்ந்தால் என்ன நடக்கும்?

'ஆள் வைத்தால் மட்டும் தேறிவிடுவார்களா?' என்று கேட்பவர்களுக்கு, செய்து பார்த்தவர்களின் கதை ஒன்றைச் சொல்கிறேன். நடந்தது அமெரிக்காவில். ஆனால் பிள்ளைகள் நமது பிள்ளைகளைப் போன்றவர்கள்தான். ஏழைகள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், பாதியில் நிற்பவர்கள்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தனது இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007இல் 'அசாப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் விடுபட்ட தொகையைக் கொடுத்தார்கள், புத்தகத்துக்கும் பயணச் சீட்டுக்கும் கொடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர். வழக்கமான முறையில் ஓர் ஆலோசகரின் தலையில் அறுநூறு மாணவர்களுக்கு மேல் கட்டியிருந்த இடத்தில், இந்தத் திட்டத்தில் அறுபது முதல் எண்பது பேர்தான். மாணவர் அடிக்கடி வந்து பார்த்தே ஆக வேண்டும். பாடத்தில் தடுமாறினால் துணை வகுப்பு கட்டாயம். எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை இந்தத் திட்டத்திலும் மறு பகுதியை வழக்கமான முறையிலும் விட்டுப் பார்த்தது. 2015இல் முடிவு வெளியானது. மூன்று ஆண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் வழக்கமான முறையில் 100க்கு 22 பேர், திட்டத்தில் 100க்கு 40 பேர்!

இரு பக்கமும் ஒரே மாதிரிப் பிள்ளைகள்தான். மூளை மாறவில்லை. கேட்க ஆள் இருந்தார், அதோடு பஸ்ஸுக்குக் காசும் இருந்தது. தேறியவர் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆய்வாளர் ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார். பள்ளியில் நன்றாகப் படித்துவிட்டு வரும் கறுப்பின மாணவர்கள் முதலாண்டுக் கணிதத்தில் ஏன் தோற்கிறார்கள்? ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் இல்லை, அடித்தளம் இல்லை, வீட்டில் அக்கறை இல்லை, வறுமை என்று அடுக்கினார்கள். நம்மைப் பற்றிச் சொல்வார்களே, அதே பாட்டு! இவர் அந்த மாணவர்களோடும் சீன வம்சாவளி மாணவர்களோடும் பழகி, எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள் உழைக்கத்தான் செய்தார்கள், ஆனால் தனித்தனியாக அறைக்குள் அடைந்து உழைத்தார்கள். சீன மாணவர்கள் முதலில் தனியாகப் படித்தார்கள், பிறகு ஒன்றாகக் கூடி, ஒருவர் தவற்றை ஒருவர் திருத்தினார்கள். அவ்வளவுதான் வேறுபாடு. அதைப் பார்த்துவிட்டு அவர் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூடிப் படிக்க வைத்தார். அந்தக் கூட்டங்களில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி நன்றாக உயர்ந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நான் கல்லூரியில் படித்தவன் அல்ல, மதரஸாவில் ஓதியவன். காலையில் உஸ்தாத் நடத்திய பாடத்தை இரவில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து திரும்பச் சொல்லிப் பார்ப்போம். நன்றாக விளங்கிய ஒருவர் உஸ்தாதைப் போலவே நடத்துவார், மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள். 'தக்ரார்' என்று அதற்குப் பெயர். முதலாண்டில் அரபி இலக்கணம் தலையில் ஏறாமல் ஊருக்கு ஓடிவிட மூட்டை கட்டியவன் நான். என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு மூத்த மாணவரின் தக்ரார்தான். பெர்க்லியில் கண்டுபிடித்தது நமது திண்ணையில் இருந்தது! அதை மதரஸாவோடு வைத்துக்கொண்டு, கல்லூரிக்குப் போன பிள்ளையை மட்டும் தனியாக விட்டவர்கள் நாம்தான்.

கதவு திறந்தது, படி யார் ஏற்றிவிடுவது?

நமது முன்னோர்களை நினைத்துப் பாருங்கள். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி, அதே ஆண்டு சென்னையில் புதுக்கல்லூரி. 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி. தோல் விற்றும் கப்பல் ஏறியும் சம்பாதித்ததைக் கல்லூரியாகக் கட்டிவிட்டுப் போனார்கள்.

2006இல் சச்சார் குழு நம் நிலையைத் தோலுரித்துக் காட்டியது. நாட்டின் முதன்மையான கல்லூரிகளில் இளநிலைப் பட்ட வகுப்பில் 25 பேருக்கு ஒருவர், முதுநிலையில் 50 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம் என்றது. தெருவில் நின்று கேட்டோம். 2007இல் தமிழகத்தில் 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு கிடைத்தது. அந்தப் போராட்டத்தில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டியவர்களில் நானும் ஒருவன். அதைக் காக்கவும் விரிவாக்கவும் இன்னும் போராடுவோம், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். இடஒதுக்கீடு கதவைத் திறந்துவிடும். உள்ளே இருக்கும் படிகளில் ஏற்றிவிடாது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஆண்டுதோறும் எண்ணும் நாம், எத்தனை பேர் முடித்து வெளியே வந்தார்கள் என்று ஒரு முறையாவது எண்ணியிருக்கிறோமா? போராடி வாங்கிய இடத்தில் உட்கார்ந்த பிள்ளை பாதியில் எழுந்து போனால், அந்த இடம் யாருக்குப் பயன்பட்டது?

இடையில் ஒரு மயக்கமும் வந்தது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், அரியர் கட்டணம் கட்டியவர்களெல்லாம் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. போஸ்டர் ஒட்டினார்கள், முதல்வரை வாழ்த்திக் கோஷம் போட்டார்கள். ஏஐசிடிஇ ஏற்கவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. தேர்வே எழுதாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்று 2021இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் கேட்க வேண்டியது வேறு கேள்வி. தேர்வு வேண்டாம் என்றதும் இத்தனை பிள்ளைகள் தெருவில் ஆடினார்களே, அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது எது? சும்மா கிடைக்கும் தேர்ச்சி நமது பிள்ளைகளுக்கு வேண்டாம். தேர்ச்சி பெறுவதற்கு வேண்டிய உதவி வேண்டும்!

பெண் பிள்ளைகளுக்கு இரட்டை அடி

ஒரு பெண்கள் நிகழ்ச்சியில் சகோதரி ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டு இது: 'எங்கள் கல்லூரியில் துணை வகுப்பு மாலை நாலரைக்கு. கல்லூரிப் பேருந்து நாலு மணிக்கு. நான் என்ன செய்வது?'

எவ்வளவு நியாயமான கேள்வி! வகுப்பு நடத்துவதாகவும் கணக்குக் காட்டியாயிற்று, வர முடியாதபடியும் செய்தாயிற்று. கல்லூரி நேரத்துக்குள் அந்த வகுப்பை வையுங்கள், அல்லது அதற்கு ஒரு பேருந்து விடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

பெற்றோரிடமும் கேட்கிறேன். மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, நூலகத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் முகம் சுளிக்கிறீர்களே, ஒரு பாடத்தில் தோற்றுவிட்டாள் என்றதும் 'படித்தது போதும்' என்று மாப்பிள்ளை பார்க்கிறீர்களே, அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் தோல்வியை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள். மறைத்த ஒன்று மறு ஆண்டு ஐந்தாகிறது. திட்டுவதற்கு முன் ஒரு தடவை 'எது புரியவில்லை?' என்று கேளுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு!

தெரியாது என்று சொல்வது கேவலமல்ல. தெரியாததை மறைப்பதுதான் உங்களை அழிக்கும். முதல் இன்டர்னலில் தோற்ற அந்த வாரமே பாட ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். 'ஒன்றும் புரியவில்லை சார்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தக் கணக்கில், எந்த வரியில் நின்றுவிட்டீர்கள் என்று நோட்டைக் காட்டுங்கள். ஒருவர் விரட்டினால் இன்னொருவரிடம் போங்கள். உங்கள் வழிகாட்டி ஆசிரியர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். அவர் பேசாமல் பேசியதாக எழுதிய பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்! வருகை விழுக்காட்டை மாதாமாதம் நீங்களே கணக்குப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். நாலு பேரில் ஒருவராவது உங்களைவிட நன்றாகப் படிப்பவராக இருக்கட்டும்.

ஜமாஅத்துகள் என்ன செய்ய வேண்டும்?

1. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் பட்டம் பெற்ற ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். ஒருவருக்கு ஐந்து மாணவருக்கு மேல் வேண்டாம். மாதம் ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நம் இன்ஜினியர்கள் போனில் பேசலாம்.

2. இரண்டாம் தவணைப் பணத்தை மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடாதீர்கள். தோற்றவனுக்குப் பணத்தை நிறுத்தினால் அவனை நாமே வெளியே தள்ளியதாகும். தோற்றவனோடு உட்கார்ந்து பேசிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.

3. மஹல்லாவில் ஒரு மண்டபமோ மாடியோ இரவில் சும்மா கிடக்கிறது. விளக்குப் போட்டு, நாற்காலி போட்டு, கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தக்ரார் நடத்துங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களை அழையுங்கள். எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் வையுங்கள்.

4. நமது சமுதாயம் நடத்தும் கல்லூரி நிர்வாகங்களிடம் ஆண்டுக்கு ஒரு முறை கேளுங்கள்: முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள்? சொந்த வீட்டில் கேட்காமல் ஊரான் வீட்டில் கேட்பது முறையல்ல.

5. அடுத்த விழா மேடையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக் காசோலை கொடுப்பதற்கு முன், சென்ற ஆண்டு வாங்கியவர்களின் நிலையை வாசியுங்கள். வாசிக்க ஒன்றும் இல்லை என்றால் விழாவே வேண்டாம்!

அந்தப் பையன்?

ஏஜெண்டைத் தேடவில்லை. அவன் அத்தாவிடம் ஓராண்டு அவகாசம் கேட்டேன். நான்காண்டுப் பொறியியல் படிப்பை ஏழாண்டுக்குள் முடிக்க அண்ணா பல்கலைக்கழக விதி இடம் தருகிறது. இந்த விவரம் அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் அன்றுதான் தெரிந்தது. அந்த ஊரில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார், சகோதர சமயத்தவர். போய்க் கேட்டோம். 'நாளைக்கே வரச் சொல்லுங்கள்' என்றார். ஒரு பைசா வாங்கவில்லை. வாரத்தில் மூன்று நாள், அவர் வீட்டுத் திண்ணையில், பள்ளிக்கூடக் கணக்கிலிருந்து தொடங்கினார்கள்.

பதினொன்றில் எட்டைத் தேறிவிட்டான். இன்னும் மூன்று இருக்கிறது. மூன்றும் முடியும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இப்போது அவனுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியும். சென்ற மாதம் அதே திண்ணையில் முதலாண்டுப் பையன்கள் இருவர் அவனிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

உங்கள் தெருவிலும் ஒரு பையன் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருக்கிறான். இந்த இதழை மடித்து வைத்துவிட்டு, இன்று இஷாவுக்குப் பிறகு அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பணம் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். 'எத்தனை பாடம் நிற்கிறது தம்பி?' என்று மட்டும் கேளுங்கள்.